உள்ளூர் இதழ்களின் மறைவும் கட்சிப் பகையும்: இன்றைய அமெரிக்க அரசியல் குறித்து ஒரு நோக்கு

தம் பிள்ளை மாற்றுக் கட்சிக்காரரை மணந்தால் வருந்துவோம் என்று சொன்ன அமெரிக்கர், 1960இல் எடுத்த கருத்துக் கணிப்பில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தனர். 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப் பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் அப்படிச் சொன்னார்கள். கொள்கை வேறுபாடு இப்படி ஆள்மேல் வெறுப்பாக முற்றியதற்குச் சமூக ஊடகங்களே காரணம் என்பது இன்று பரவலாக நிலவும் விளக்கம். அது முழுமையானதன்று. பாக்செல், ஜென்ட்ஸ்கோ, ஷபிரோ ஆகிய பொருளியலறிஞர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்தும் முதியோரிடையேதான் துருவமயமாதல் மிகுதியாக வளர்ந்திருந்தது. ஆகவே, புதிதாக என்ன வந்தது என்று கேட்பதோடு, இருந்த எது போயிற்று என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. போனவற்றுள் முதன்மையானது உள்ளூர் நாளிதழ். கட்சி அடையாளத்துக்கு அப்பால், ஓர் ஊரின் குடிமகன் என்ற அடையாளத்தை அன்றாடம் ஊட்டிவந்த அமைப்பு அது. அதன் சரிவு பகையைத் தோற்றுவிக்கவில்லை; ஆனால் பகைக்குத் தடையாக நின்ற ஒன்றை அகற்றிவிட்டது. அந்தத் தடையைச் சந்தை தானாக மீட்டுத் தராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சரிவின் அளவு பெரிது. 2005இல் அமெரிக்காவில் நாளிதழும் வார இதழுமாக ஏறத்தாழ 8,900 செய்தித்தாள்கள் இருந்தன. 2024இல் எஞ்சியவை சுமார் 5,600 என்கிறது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கணக்கெடுப்பு. 2005ஐ ஒட்டி ஆண்டுக்கு 4,900 கோடி டாலரைத் தொட்ட விளம்பர வருவாய், பதினைந்தே ஆண்டுகளில் 1,000 கோடிக்கும் கீழே இறங்கியது. நகர மன்றக் கூட்டத்தில் நிருபர் உட்கார்ந்திருந்ததற்கான செலவை வாசகர் தந்த சந்தா என்றுமே ஈடுகட்டியதில்லை. வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு, வேலைக்கு ஆள் தேவை என்ற வரி விளம்பரங்கள்தான் ஈடுகட்டின. 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் அவற்றைப் பெரும்பாலும் இலவசமாக்கியது. மற்ற விளம்பரங்களைக் கூகுளும் பேஸ்புக்கும் ஈர்த்துக்கொண்டன. நலிந்த இதழ்களை முதலீட்டு நிதியங்கள் வாங்கி, ஆட்களைக் குறைத்து இலாபம் எடுத்தன. 2021இல் ட்ரிப்யூன் குழுமத்தை வாங்கிய ஆல்டன் குளோபல் கேப்பிடல் இதற்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு. ஒகையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரில் நூற்றைம்பது ஆண்டுகள் நடந்த ‘விண்டிகேட்டர்’ 2019இல் நின்றபோது அதை முழு நிறுவனமாக வாங்கி நடத்த யாரும் முன்வரவில்லை. பொதுநலனைக் காத்த கண்காணிப்பு, அதனோடு தொடர்பே இல்லாத ஒரு வணிகத்தின் தயவில் வாழ்ந்திருக்கிறது. அந்த வணிகம் போனதும் கண்காணிப்பும் போயிற்று.

கண்காணிப்பு இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவின் பெல் நகரமே சான்று. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இந்தச் சிற்றூரில் வாழ்வோர் பெரும்பாலும் உழைத்துப் பிழைக்கும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தினர். 2005இல் நடந்த ஒரு சிறப்புத் தேர்தலில், நகரத்துக்குத் தனிச் சாசனம் வேண்டுமா என்ற கேள்விக்கு நானூறு பேர்கூட வாக்களிக்கவில்லை. மன்ற உறுப்பினர் ஊதியத்துக்கு மாநிலச் சட்டம் விதித்திருந்த வரம்பு அந்த வாக்கெடுப்பால் நீங்கியது. 2010இல் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நிருபர்கள் உண்மையை வெளிக்கொணர்ந்தபோது நகர மேலாளர் ராபர்ட் ரிசோவின் ஆண்டு ஊதியம் எட்டு லட்சம் டாலரை நெருங்கியிருந்தது; பகுதிநேர மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் லட்சம் டாலர் அளவுக்குப் பெற்றுவந்தனர்.  கூட்டங்களுக்குப் போய்க் கேள்வி கேட்க ஆளில்லாதது இதற்கு வழிவிட்டது. இதைத் தனி நிகழ்வென்று ஒதுக்கவும் இயலாது. நாளிதழ் மூடப்பட்ட பகுதிகளில் உள்ளாட்சிக் கடன் பத்திரங்களின் வட்டி 0.05 முதல் 0.11 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை உயர்ந்ததாகக் காவோ, லீ, மர்பி ஆகியோரின் ஆய்வு கண்டது. கண்காணிப்பார் இல்லாத நகராட்சிக்குக் கடன் தருவதில் இடர் கூடுதல் என்று முதலீட்டாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் வட்டியைக் கட்டுவது ஊரார் செலுத்தும் வரிப்பணம்.

ஊழலைக் கண்டுகொள்வதோடு உள்ளூர் இதழின் பணி முடிவதில்லை. கழிவுநீர்க் கட்டணம், பள்ளி வாரியத்தின் வரவுசெலவு, சாலை விரிவாக்கம் ஆகியவற்றில் மக்கள் கட்சிவாரியாகப் பிரிவது குறைவு. தெருவாரியாகவும் வருமானவாரியாகவும் பிரிவார்கள். நேற்று ஒரு விவகாரத்தில் எதிர்த்தவர் இன்று வேறொன்றில் துணை நிற்பார். உள்ளூர்ச் செய்தி மறைந்ததும் மிஞ்சுவது வாஷிங்டன் செய்தி மட்டுமே. அங்கே எல்லாக் கேள்விக்கும் இரண்டே அணிகள். நாளிதழ் மூடப்பட்ட மாவட்டங்களில், குடியரசுத் தலைவர் பதவிக்கு ஒரு கட்சிக்கும் செனட்டுக்கு மற்றொரு கட்சிக்கும் பிரித்து வாக்களிப்பது ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்ததாக டார், ஹிட், டனவே ஆகியோர் 2018இல் காட்டினர். இவர்களே ஆராய்ந்த இன்னொரு நிகழ்வு எதிர்த்திசையிலிருந்து இதை உறுதிசெய்கிறது. 2019 ஜூலை மாதம் முழுவதும் பாம் ஸ்பிரிங்ஸ் நகரின் ‘டெசர்ட் சன்’ நாளிதழ் தன் கருத்துப் பக்கத்திலிருந்து தேசிய அரசியலை விலக்கிவைத்தது. தலையங்கம், பத்தி, வாசகர் கடிதம் எல்லாமே போக்குவரத்து, பழைய கட்டடங்களைப் பேணுதல், சுற்றுச்சூழல் என்று ஊர் விவகாரங்களுக்குத் திரும்பின. அப்படி எதுவும் செய்யாத வென்சுரா நகரோடு ஒப்பிடுகையில், பாம் ஸ்பிரிங்ஸில் கட்சி வெறுப்பின் வளர்ச்சி மட்டுப்பட்டிருந்தது. வெறுப்பு குறைந்துவிடவில்லை, வேகம் தணிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே மாதத்தில் ஒரே பக்கத்தை மாற்றியதற்கு இவ்வளவு பலன் என்பதே கவனத்துக்குரியது.

இதற்கு மறுப்புகள் உண்டு. கட்சிப் பகையின் வேர் இதழ்களின் சரிவுக்கு முந்தியது என்பது முதல் மறுப்பு. குடிமை உரிமைச் சட்டங்களுக்குப் பின் தென்மாநில வெள்ளையர் கட்சி மாறியதும், 1990களில் கேபிள் செய்தி ஓடைகள் பெருகியதும் 2005க்கு முந்தியவைதாம். ஆனால் தோற்றத்துக்கான காரணமும் தணியாமைக்கான காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதழ்கள் சரிந்த காலத்தில் கட்சிப் பிடி இறுகியதைச் செனட் தேர்தல்கள் காட்டுகின்றன: 2016இல் தேர்தல் நடந்த 34 செனட் இடங்களிலும், அந்தந்த மாநிலத்தில் குடியரசுத் தலைவர் தேர்தலில் முந்திய கட்சியே வென்றது. இதற்கு முன் அப்படி நிகழ்ந்ததில்லை. 2020இல் விதிவிலக்கு மெய்ன் ஒன்றுதான். 2024இல் நான்கு மாநிலங்கள் பிரித்து வாக்களித்தன என்பது இப்போக்கு மாற்ற முடியாததன்று என்பதையும் உணர்த்துகிறது. இரண்டாம் மறுப்பு அறம் சார்ந்தது, வலுவானதும்கூட: அந்தப் பழைய இதழ்கள் யாருடைய ஊரைப் பேசின? ஆப்பிரிக்க அமெரிக்கரைக் கும்பல்கள் அடித்துக் கொன்றதைத் தாம் எழுதிய விதத்துக்காக ‘மாண்ட்கோமரி அட்வர்டைசர்’ 2018இலும், கறுப்பினத்தவரைப் பல பத்தாண்டுகள் புறக்கணித்ததற்காக ‘கான்சஸ் சிட்டி ஸ்டார்’ 2020இலும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டன. பழையதை அப்படியே மீட்க வேண்டும் என்போருக்கு இது தக்க பதிலடி. ஆயினும், ஊர்ச் செய்தியே வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. பெல் நகரில் செய்தியின்மையால் சுரண்டப்பட்டவர்கள் வெள்ளையரல்லாத ஏழைகளே.

நிருபர் விட்ட இடத்தைச் சமூக ஊடகக் குழுக்கள் நிரப்பும் என்பது மூன்றாம் மறுப்பு. காணாமற்போன நாயையும் சந்தேகத்துக்குரிய வண்டியையும் அவை உடனுக்குடன் தெரிவிக்கும். முந்நூறு பக்க வரவுசெலவு அறிக்கையை அங்கே யாரும் படிக்கப்போவதில்லை, ஏனெனில் அது கூலிக்குச் செய்யும் உழைப்பு. கூலி கொடுக்கும் சிற்றிதழ் இருந்தும் அது தனித்து நின்றால் போதாது என்பதை, கீழவைக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் சான்டோஸின் விவகாரம் காட்டிற்று. அவருடைய சொத்துக் கணக்கில் உள்ள முரண்களை லாங் ஐலண்டின் ‘நார்த் ஷோர் லீடர்’ வார இதழ் 2022 தேர்தலுக்கு முன்பே எழுதியது. வேறு இதழ்கள் அதை எடுத்துப் பரப்பாததால் செய்தி அங்கேயே அடங்கிப்போயிற்று. அவர் வென்ற பிறகு, டிசம்பரில் அவரைப் பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. ஓராண்டு கழித்து, 2023 டிசம்பரில், கீழவை அவரை வெளியேற்றியது. வார இதழின் செய்தியை மாவட்ட நாளிதழும், அதைப் பெருநகர நாளிதழும் கையேற்றுத் தொடரும் சங்கிலியில் நடுக்கண்ணிதான் இன்று அறுந்துள்ளது.

சந்தை மீட்டுத் தராததை அரசு தாங்கலாம் என்றால், அரசுப் பணம் இதழ்களை அடிமையாக்கும் என்பது நான்காவது மறுப்பு. அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு: பொது ஒலிபரப்புக்கு முன்பே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025 ஜூலையில் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது; ஆண்டுதோறும் ஆட்சியாளரை எதிர்பார்க்கும் நிதி எவ்வளவு நொய்ந்தது என்பது அன்று தெரிந்தது. ஆனால் பொதுப்பணம் அமெரிக்க மரபுக்கு அயலானது என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1792ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் செய்தித்தாளுக்கு நூறு மைல் வரை ஒரு சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட் என்று கட்டணம் வைத்தது; கடிதக் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. ஆளுங்கட்சி இதழுக்கும் அதை வசைபாடிய இதழுக்கும் சலுகை ஒன்றே. யாருக்குக் கொடுப்பது என்று அதிகாரி தேர்ந்தெடுக்க இடமில்லாத பொதுவிதி அது. இன்று விளம்பரச் சந்தையும் கொடையாளரும் எட்டாத சிறு மாவட்டங்களுக்கும் அதே இலக்கணம் பொருந்தும்: எழுதும் கருத்தைப் பாராமல், உள்ளூர் நிருபர் ஒருவருக்கு இவ்வளவு வரிக்கழிவு என்று சட்டத்திலேயே வரையறுத்துவிட வேண்டும். கட்சிகளிடையே நல்லெண்ணம் வளர்க்கும் உரைகளும் மாநாடுகளும் இரு அணிகளையும் அணிகளாகவே வைத்துப் பேசுகின்றன. மக்கள் வேறு வகையில் சேரவும் பிரியவும் காரணம் தருவது ஊர் விவகாரம். அதைத் தெரிந்துகொள்ளும் வழியை மீட்பதே அமெரிக்கர் முதலில் செய்ய வேண்டிய சீர்திருத்தம்.