அதியமான் பெருவழியும் ஜூஜூவாடி செக்போஸ்டும்

"ஓசூரா? அங்க சிப்காட்டை விட்டா என்னங்க இருக்கு?" அப்படின்னு கேக்குறவங்க நிறைய. மதுரைக்காரருக்கு வைகையும் மீனாட்சியும் இருக்கு, தஞ்சாவூர்க்காரருக்குப் பெரிய கோயில் இருக்கு. எங்க பக்கம் பெருமையா சொல்லிக்க ஒண்ணுமில்லைங்கற நினைப்பு. இருக்குங்க. எங்களுக்கு இருக்கிறது ரோடு. சிரிக்காதீங்க, நிஜமாவே ரோடுதான் :-)

தருமபுரி மாவட்டத்தில் இரண்டு மைல்கற்கள் கிடைத்திருக்கின்றன. கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. "அதியமான் பெருவழி" என்று சாலையின் பெயரைப் போட்டு, நாவல் தாவளத்துக்கு ஒன்றில் 27 காதம், மற்றதில் 29 காதம் என்று வெட்டியிருக்கிறார்கள். தாவளம்னா வணிகர்கள் வண்டியை அவிழ்த்துவிட்டுத் தங்குற இடம். இதில் அழகு என்னன்னா, எண்ணை எழுதினதோட நிக்கல. குழியும் தோண்டியிருக்காங்க. 29க்கு இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரர்கூட எண்ணிப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். இன்னிக்கு யூசர் இன்டர்ஃபேஸ் பத்தி வகுப்பெடுக்குறவங்க எல்லாம் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகணும்.

சும்மா நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைக்கு யாரும் மைல்கல் நட மாட்டாங்க. அளந்தவங்க இருந்தாங்க, பராமரிச்சவங்க இருந்தாங்க, தொடர்ந்து போய்வந்த கூட்டமும் இருந்தது என்றுதான் அர்த்தம்.

இன்னும் பின்னால போவோம். தகடூர்னா இன்றைய தருமபுரி. அங்கே ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடும் பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. அவனை எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? சிங்கம், புலி எல்லாம் இல்லை. உப்பு வணிகர்கள் தங்கள் வண்டிக்குக் கீழே கட்டி எடுத்துப்போகும் மாற்று அச்சுக்கு! பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது அச்சு முறிந்தால் கைகொடுக்கும் பேக்கப். இந்த ஊரில் கடல் கிடையாது. உப்பு கீழேயிருந்து மேட்டுக்கு ஏறியாகணும். அதனால்தான் கேட்டவங்களுக்கு இந்த உவமை உடனே புரிஞ்சிருக்கும். கரும்பை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்றும் புறநானூறு சொல்கிறது. பயிரும் வழியோடதான் வருது.

கீழே இறங்கின சரக்கில் இரும்பும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். காரணம், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள்.

இதெல்லாம் ஏன் இங்கே? மேப்பைப் பாருங்க. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். மைசூர் மேட்டுநிலம் தமிழ்ச் சமவெளிக்கு இறங்குற படிக்கட்டு இது. படிக்கட்டில் எல்லாரும் மூச்சு வாங்க நிற்பார்கள். நிற்குற இடத்தில் சந்தை வரும், சந்தை வந்தால் சுங்கம் வரும், சுங்கம் வந்தால் அதைப் பிடிக்கக் கோட்டை வரும்.

கோட்டை வந்தால் சண்டையும் வரும். இந்தப் பக்கத்து ஊர்களில் அத்தனை நடுகல் நிற்பது சும்மா இல்லை. மாடு கவர வந்தவர்களோடு மோதிச் செத்தவர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். 1791இல் திப்புவை எதிர்த்து வந்த ஆங்கிலேயப் படை ஓசூர், ராயக்கோட்டைக் கோட்டைகளைப் பிடித்ததும் இந்த வழிகளுக்காகத்தான். மறு வருஷமே பாராமகால் அவங்க கைக்குப் போச்சு. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே பழகிப்பார்த்த ரயத்துவாரி முறைதான் பிற்பாடு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் போனது.

சாலை கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கவும் செய்யும். ஹொய்சள மன்னன் ராமநாதன் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ணனூரை விட்டுவந்து குந்தாணியைத் தலைநகராக்கினான். இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது ஒரு கிராமம். தலைநகர்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு வரிசையா வந்தாங்க. பெங்களூர் 40 கிலோமீட்டர், நிலம் மலிவு, வாசலில் நெடுஞ்சாலை. அதே பழைய கணக்குதான். ஜூஜூவாடி செக்போஸ்டில் லாரிகள் மைல் கணக்கில் நின்னதைப் பார்த்தவங்களுக்குச் சுங்கம்னா என்னன்னு தனியா விளக்க வேண்டாம். 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனை போச்சு. ஆனா டோல்கேட் இருக்கே!

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒண்ணு உண்டு. "வெளியூர்க்காரங்க வந்து ஊரே கெட்டுப்போச்சு" என்ற பேச்சு ஓசூர் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. இப்போது ஒடிசா, பீகார்ப் பையன்களைச் சொல்கிறார்கள். அதைச் சொல்றவர் வீட்டில் பேசுறது தெலுங்கா இருக்கும், கன்னடமா இருக்கும், உருதுவா இருக்கும், சேலத்துத் தமிழா இருக்கும். இங்கே உள்ளூர்க்காரர்னா கொஞ்சம் முன்னாடி வந்தவர், அவ்வளவுதான். 29 காதம்னு குழி தோண்டி வைத்தவர்கள், வருகிறவனுக்கு எழுத்துத் தெரியுமா, அவன் எந்த ஊர் என்றெல்லாம் கேட்கவில்லை. தூரத்தை மட்டும் ஒழுங்கா சொன்னாங்க.

ரோடு நாளைக்கு வேற பக்கம் திரும்பலாம். குந்தாணிக்கு நடந்தது ஓசூருக்கும் நடக்கலாம். அப்போ மிஞ்சப்போறது கம்பெனிகளின் போர்டு இல்லை. வந்தவங்களில் யாரெல்லாம் இங்கேயே இருந்துட்டாங்களோ, அவங்கதான்.

சரி, உங்க ஊர் வழியா எந்தப் பெருவழி போச்சு? கோவைக்காரங்க சுண்டக்காமுத்தூர் ராஜகேசரிப் பெருவழியைச் சொல்வீங்கன்னு தெரியும். மத்தவங்களும் பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.