பினாங்குக் கிட்டங்கி

கிட்டங்கி என்பது நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல் கடந்து தொழில் நடத்திய துறைமுக ஊர்களில் கடையும் குடியிருப்புமாகப் பயன்பட்ட கட்டடம். மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரில், பினாங்கு வீதியில் இவை பெருகின. பகலில் வட்டிக்கடையாக இருந்த தரையே இரவில் படுக்கையானது.

சொல்

திண்டுக்கல், மதுரை வட்டாரங்களில் சரக்கு அடுக்கும் கூடத்தை இன்றும் கிட்டங்கி என்பார்கள். கிடங்கு என்பதோடு உறவுடைய சொல் இது. மலாய் மொழியின் ‘குடாங்’, ஆங்கிலத்தின் ‘கோடவுன்’ ஆகியவற்றையும் இதே குடும்பமாகக் கருதுவர். கடல் தாண்டியபின், பல முதலாளிகளின் கடைகள் ஒரே கூரையின் கீழ் இயங்கும் இடத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

கட்டட அமைப்பு

1786இல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலேயக் குடியேற்றமாக நிறுவிய ஊர் ஜார்ஜ் டவுன். கிட்டங்கிகள் இயங்கிய அதன் கடைவீடுகள் பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்பவை. மர உத்திரம் எவ்வளவு நீளத்துக்குத் தாங்குமோ அவ்வளவுதான் முகப்பின் அகலம். ஆழமோ அதைப்போலப் பல மடங்கு. செங்கல்லும் சுண்ணாம்பும் சுவராகும்; சுட்ட மண் ஓடு கூரையாகும். நடுவே வானம் பார்த்த முற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே இறக்கும். மழைநீரும் அதன் வழியே வடியும்.

வாசலில், மேல்மாடிக்குக் கீழே, மூடிய நடைபாதை ஓடும். மலாய் மொழியில் இது ‘காக்கி லீமா’, அதாவது ஐந்தடி. சிங்கப்பூருக்கு 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் இத்தகைய நடையைக் கட்டாயமாக்கியது. வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்கிக்கொள்ள இடம் தந்த வகையில், நம்மூர்த் திண்ணை செய்த வேலையை இது செய்தது.

கூடத்தின் உள்ளே

நீண்ட கூடத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. இருபுறச் சுவரோரமும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம். கடையின் தளவாடங்கள் மரப்பெட்டி, தரையில் உட்கார்ந்து எழுதச் சாய்ந்த மூடியுடைய சிறு மேசை, பேரேடு ஆகியவைதான். நிர்வாகி மேலாள்; அவருக்கு அடுத்தவர் அடுத்தாள்; எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். பின்கட்டில் சமையல். பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தவணைக்கு வந்தவர்கள். கணக்கு முடித்துவிட்டுக் கப்பலேறுவார்கள். இந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர், சிங்கம்புணரியில் பிறந்து இந்தோனேசியாவின் மெடானில் நகரத்தார் கடையில் வேலைபார்த்த ப. சிங்காரம். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ நாவல்களில் அது பதிவாகியிருக்கிறது.

இத்தகைய கடைகளில் சேர்ந்த பணம்தான் நகரத்தாரின் சொந்த மண்ணான செட்டிநாட்டில் பர்மா தேக்குத் தூணாகவும் பட்டாலை என்ற கூடமாகவும் வளவு என்ற முற்றக்கட்டாகவும் எழுந்தது. ஒரு பாய் அகலக் கடையையும் தெருவுக்குத் தெரு நீளும் வீட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நகரத்தார் கட்டடக்கலை முழுமையாகப் புரியும்.

கோயில் வீடு

ஈட்டியதில் ஒரு பங்கு மகமையாக முருகனுக்குப் போயிற்று. தைப்பூசத்துக்கு முந்தைய நாள், பினாங்கு வீதியிலுள்ள நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, அதே தீவின் தண்ணீர்மலை அடிவாரத்து நகரத்தார் கோயிலுக்குச் செல்லும். 1894இல் செய்யப்பட்ட ரதம் அது. இன்றும் ஓடுகிறது.

இன்றைய நிலை

சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் 1970களில் நகரச் சீரமைப்பில் மறைந்தன. ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000இல் முடிவுக்கு வந்ததும், பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். 2008இல் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலக மரபிடமானது. அதன்பின் கடைவீடுகள் பல விடுதிகளாகவும் காப்பிக்கடைகளாகவும் மாறியிருக்கின்றன.

முகப்பைப் பழுதுபார்த்து வண்ணம் பூசுவது தேவைதான். ஆனால் கிட்டங்கியின் உயிர் அதன் தடுப்பற்ற கூடத்தில் இருக்கிறது. போட்டிக் கடைக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி வைத்து உட்கார்ந்த அந்தத் தரையை அறை அறையாகப் பிரித்துவிட்டால், எஞ்சுவது ஒரு பழைய சுவர் மட்டுமே.