இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் எண்ணிம முன்திட்டமிடல்

இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் எண்ணிம முன்திட்டமிடல் என்பது, பொருத்தவிருக்கும் செயற்கை மூட்டின் அளவையும் இடத்தையும் அறுவைக்கு முன்பே கணினியில் கணித்துக்கொள்ளும் முறையாகும். கிண்ணத்தின் விட்டம், தொடை எலும்பினுள் இறங்கும் தண்டின் பருமன், எலும்பை வெட்ட வேண்டிய இடம், இரு கால்களின் நீள வேறுபாடு ஆகியவை இதில் கணக்கிடப்படுகின்றன.

வரலாறு

1938-இல் இலண்டனில் பிலிப் வைல்சு துருப்பிடிக்காத எஃகினாலான முழு இடுப்பு மூட்டைப் பொருத்தினார். அதே ஆண்டில்தான் வடசென்னை இராயபுரம் பகுதியில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் மருத்துவமனைக்கு வேர். 1962-இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி உருவாக்கிய மூட்டு இவ்வறுவையை உலகெங்கும் பரப்பியது.

தொடக்கத்தில் மூட்டின் வடிவம் அச்சிடப்பட்ட ஒளிபுகு தாளை எக்சு-கதிர்ப் படத்தின்மேல் வைத்து நகர்த்தி அளவு பார்த்தனர். படங்கள் கணினிக்கு மாறியபின் அந்தத் தாளும் திரைக்குள் சென்றது. 1992-இல் அமெரிக்காவில் சி.டி. படத்தைக்கொண்டு திட்டமிட்டு, 'ரோபோடாக்' என்னும் எந்திரத்தின் துணையுடன் இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது.

அளவுகோலின் தேவை

எக்சு-கதிர்கள் விரிந்து செல்வதால் எலும்பு படத்தில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை பெரிதாகத் தெரியும். பருத்த உடலில் எலும்பு படத்தகட்டிலிருந்து விலகியிருப்பதால் இது மேலும் கூடும். எனவே அளவு தெரிந்த உலோகக் குண்டையோ நாணயத்தையோ எலும்பு இருக்கும் அதே உயரத்தில் வைத்துப் படம் எடுக்கின்றனர். இதில் கவனம் தேவை. பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மி.மீ.; 2011-இல் வந்த நாணயத்தினது 21.93 மி.மீ. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் கணக்கு பத்தில் ஒரு பங்குக்கும் மேல் பிழையாகும். தண்டு பெரிதானால் எலும்பு பிளக்கலாம், சிறிதானால் தளர்ந்துவிடலாம்.

வடசென்னையும் இவ்வறுவையும்

இந்தியாவில் இவ்வறுவைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, இரத்த ஓட்டம் குன்றித் தொடை எலும்பின் தலை சிதைவதாகும். இது உழைக்கும் வயதினரையே பெரிதும் தாக்குகிறது. துறைமுகத்தில் சுமை தூக்குவோர், காசிமேட்டு மீனவர், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்குக் கால் நீளத்தில் ஏற்படும் சிறு வேறுபாடும் பிழைப்பைப் பாதிக்கும். 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இவ்வறுவையும் அடங்கும்.

முன்திட்டம் ஒரு மதிப்பீடே. ஆகவே கணித்த அளவுக்கு மேலும் கீழுமான மூட்டுகளும் அறுவை அரங்கில் ஆயத்தமாக வைக்கப்படுகின்றன. இறுதி அளவை அறுவையின்போது எலும்பைச் சோதித்து மருத்துவரே முடிவு செய்கிறார்.