தேக்கடி, அம்மா, ஒரு படகு டிக்கெட்

மே மாசம் வந்தா நம்ம வீட்டுல ஒரு பட்ஜெட் கூட்டத்தொடர் ஆரம்பிச்சிரும் மக்களே. இந்தத் தடவை தங்கமணி ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க: "சஃபாரி." எனக்கு சஃபாரின்னா எங்க ஹெட்மாஸ்டர் போட்டுட்டு வந்த சாம்பல் கலர் சூட்டுதான் ஞாபகம் வரும். பையனுக்குப் புலி பார்க்கணும். பொண்ணுக்கு யானை. எனக்கு லீவும் காசும் தாங்குற இடமா இருக்கணும், அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும். எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சா விடை தேக்கடின்னு வந்துச்சு. அம்மாவோட ஊர் உத்தமபாளையம் பக்கம். அங்க ரெண்டு நாள் இருந்துட்டு, கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினா குமுளி. முடிஞ்சது.

முடியலை. அம்மா சொன்னாங்க, "நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் எங்க அண்ணன் வீட்டுல இருந்துக்கிறேன்."

காரணம் எனக்கும் தங்கமணிக்கும் தெரியும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2009ல பூஜை லீவோட காந்தி ஜெயந்தியும் சேர்ந்து வந்துச்சு. அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை. அன்னைக்கு தேக்கடி போறதா ஏற்பாடு, வேன் வரைக்கும் பேசியாச்சு. ரெண்டு நாள் முன்னாடி, செப்டம்பர் 30 சாயங்காலம், 'ஜலகன்யகா'ங்கிற ரெண்டு அடுக்கு படகு அந்த ஏரியில கவிழ்ந்து 45 பேர் செத்துப் போனாங்க. கரையில மிருகம் தெரிஞ்சதும் எல்லாரும் ஒரே பக்கமா ஓடினதுல படகு சாஞ்சதுன்னுதான் அன்னைக்கு எல்லாப் பேப்பரும் எழுதுச்சு. உயிர் காக்குற மிதவைச் சட்டையும் யாரும் போட்டிருக்கலை. வேனுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனா போகுதுன்னு விட்டுட்டோம். அதுக்கப்புறம் எங்க வீட்டுல தேக்கடிங்கிற பேரையே யாரும் எடுத்ததில்லை. அப்ப பையன் பொறக்கவே இல்லை. அதனாலதான் அவனுக்கு அந்தப் பேரை இவ்வளவு சாதாரணமா சொல்ல முடியுது.

அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் பெரியாறு ஏரி பத்திக் கொஞ்சம் படிக்க ஆரம்பிச்சேன். அது வேற எங்கேயோ இழுத்துட்டுப் போயிருச்சு.

முதல் விஷயம், அது ஏரியே இல்லை. 1895க்கு முன்னாடி அங்க இருந்தது காடும், காட்டுக்குள்ள ஓடுற பெரியாறும்தான். மேற்கே ஓடி அரபிக்கடல்ல கலக்குற ஆறு. மலைக்கு இந்தப் பக்கம் மதுரை, ராமநாதபுரம் சீமையெல்லாம் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அந்தத் தண்ணியை இங்கிட்டுத் திருப்பினா என்னன்னு முதல்ல யோசிச்சது வெள்ளைக்காரன் இல்லீங்க. 1789லயே ராமநாதபுரம் சேதுபதியோட பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதைப் பத்தி விசாரிக்க ஆள் அனுப்பியிருக்காரு. செலவு கட்டுப்படியாகாதுன்னு அப்படியே நின்னுபோச்சு. பென்னிகுயிக் படத்துக்கு மாலை போடுற ஊர்கள்ல இவர் பேரையும் கொஞ்சம் சொல்லலாம்ங்கிறது என்னோட ஆதங்கம்.

1876ல தொடங்கின தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம்தான் சென்னை மாகாண அரசுக்கு அவசரம் வந்துச்சு. 1886 அக்டோபர் 29ம் தேதி திருவிதாங்கூரோட ஒப்பந்தம். 999 வருஷக் குத்தகை. தண்ணிக்குள்ள போகப்போற 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய் வாடகை. அடுத்த வருஷம் வேலை ஆரம்பிச்சது. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைச்சு, கருங்கல்லைப் போட்டு, நடுக்காட்டுல ஒரு அணை. வெள்ளம் வந்து கட்டினதை அடிச்சிட்டுப் போகும், திரும்பக் கட்டுவாங்க. மலேரியாவும் காலராவும் கூலியாட்களை வாரிக்கிட்டுப் போச்சு. அவங்க பேரெல்லாம் எந்த மணிமண்டபத்துலயும் இல்லை. 1895ல அணை முடிஞ்சு, மலையைக் குடைஞ்ச ஒரு மைலுக்கும் மேல நீளமான சுரங்கம் வழியா தண்ணி கிழக்கே இறங்குச்சு. எங்க அம்மா ஊர் வயல் வரைக்கும் வந்த தண்ணி அதுதான்.

அணைச் சண்டை, 136 அடியா 142 அடியா, 2006 தீர்ப்பு, 2014 தீர்ப்பு... அதெல்லாம் வேண்டாம். அது ஒரு பதிவுல அடங்காது, அடி வாங்கவும் எனக்குத் தெம்பில்லை :-)

நான் சொல்ல வந்தது காட்டைப் பத்தி. அணை கட்டி நாலு வருஷத்துல, 1899ல, ஏரியைச் சுத்தியிருந்த காட்டைத் திருவிதாங்கூர் அரசு காப்புக்காடா அறிவிச்சது. அந்தக் காலத்துல மலையில தோட்டம் போடுறவங்க ஒவ்வொரு பக்கமா வெட்டிக்கிட்டே வந்தாங்க. அப்புறம் 1933ல ராபின்சன்ங்கிறவர் முதல் கேம் வார்டனா வந்தார். 1934ல நெல்லிக்காம்பட்டி சரணாலயம். 1950ல அது விரிஞ்சு பெரியாறு வனவிலங்கு சரணாலயம். 1978ல புலிகள் காப்பகம். மகாராஜா கோடைக்கு வந்து தங்கின இடப்பாளையம் மாளிகை இன்னைக்கு ஓட்டல். ஏரி இல்லாம இருந்திருந்தா அந்தக் காட்டுல பாதி இன்னைக்குத் தேயிலையாவும் ஏலக்காயாவும் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. நெல்லுக்காக மூழ்கடிச்ச காடு, மிச்சக் காட்டைக் காப்பாத்திக் கொடுத்திருக்கு.

1970ல குத்தகையைத் திருத்தினப்போ வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாச்சு, ஏரியில மீன் பிடிக்கிற உரிமை கேரளாவுக்குப் போச்சு. தண்ணி நமக்கு, மீன் அவங்களுக்கு. 1886ல கையெழுத்துப் போட்டவங்க யாருமே, இந்தத் தண்ணி மேல படகு விட்டு டிக்கெட் போடுவாங்கன்னு நெனைச்சிருக்க மாட்டாங்க.

அந்த ஏரிப் படத்துல எல்லாம் தண்ணிக்குள்ள மொட்டை மரங்கள் நிக்கும் பார்த்திருக்கீங்களா? இலை கிளை ஒண்ணும் இல்லாம, கறுப்பா, மேல ஒரு நீர்க்காகம் சிறகை விரிச்சுக் காய வெச்சிக்கிட்டு. அந்த மரமெல்லாம் 1895ல மூழ்கின காட்டோட மிச்சம். படகு போறது அந்தக் காட்டு உச்சி மேலதான். 40,000 ரூபாய் வாடகை கொடுத்தது அதுக்குத்தான்.

பயணத் திட்டத்துக்கு வர்றேன். எப்ப போனா மிருகம் தெரியும்னு தேடினதுல ஒரு சங்கடம் கிடைச்சது. கோடையில ஏரி வத்தும்போது கரை வெளியே வரும், அதுல புல் முளைக்கும், யானையும் காட்டெருமையும் மிளாவும் அங்க மேய வரும். மழை பிடிச்சுத் தண்ணி ஏறிட்டா காட்டுக்குள்ளயே எல்லாம் கிடைக்கும், கரைக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. அதாவது சுற்றுலாக்காரனுக்குத் தண்ணி இறங்கணும், கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்குத் தண்ணி ஏறணும். முதல் போகத்துக்கு வழக்கமா ஜூன் 1ம் தேதி தண்ணி திறக்கணும், அதுக்கு அணையில தண்ணி இருக்கணும். மே மாசம் நாங்க பைனாகுலரோட நிக்கிற அதே வாரம், மாமா அணை நிலவரம் பார்க்க தினமும் பேப்பரைப் புரட்டிக்கிட்டு இருப்பார்.

இதை அம்மாகிட்ட சொன்னேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம்தான் சொன்னாங்க: "எங்க ஐயா ஆயுசுக்கும் அந்தத் தண்ணியிலதான் வெள்ளாமை பண்ணினாரு. எங்கிட்டு இருந்து வருதுன்னு ஒரு தடவை போய்ப் பார்த்ததில்லப்பா. கூடலூருக்கு மேல போனதே இல்லை."

எனக்கு அது புதுசு. மலை அடிவாரத்துல இருந்துக்கிட்டு இருபது முப்பது கிலோமீட்டர்ல இருக்கிற ஏரியைப் பார்க்காம ஒரு மனுஷன் வாழ்ந்து முடிச்சிருக்கார். வேலை இருந்திருக்கும். போய் என்ன பண்றதுன்னும் இருந்திருக்கும். தண்ணிதான் வாய்க்கால்ல வருதே.

அப்பவும் படகுன்னதும் அம்மா தலையை ஆட்டிட்டாங்க. நானும் வற்புறுத்தலை. இப்ப மிதவைச் சட்டை போட்டாத்தான் ஏத்துறாங்க, உட்கார்ந்த இடத்தை விட்டு எந்திரிக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புறாங்கன்னு சொல்லிப் பார்த்தேன். "நம்ம ஆளுக யானையைப் பார்த்தா சொன்னபடி உட்கார்ந்திருவாகளாக்கும்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. என் பையன் உட்கார மாட்டான்.

கடைசியா போட்ட திட்டம் இதுதான். மாமா வீட்டுல இருந்து விடியக்காலை கிளம்பி லோயர் கேம்ப்ல வண்டியை நிறுத்துறோம். மலைச்சரிவுல பெரிய பெரிய குழாய்ல தண்ணி இறங்கி மின்சாரமாகிற இடம். 2013ல திறந்த பென்னிகுயிக் மணிமண்டபமும் அங்கதான். அதை அம்மா பார்க்கணுமாம். அப்புறம் மலை ஏறிப் படகுத்துறை. முதல் படகு காலையில, மிருகம் தெரிய அதுதான் தோதான நேரம். புலி தெரியாதுன்னு பையன்கிட்ட இப்பவே சொல்லிட்டேன், அவன் நம்பலை.

டிக்கெட் போட உட்கார்ந்தப்போ எத்தனைன்னு அடிக்கிற கட்டத்துல 4ன்னு அடிச்சேன். அம்மா பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"ஏப்பா, அந்த மொட்டை மரம் கரையில இருந்து பார்த்தா தெரியுமா?"

"சிலது தெரியும்மா. நிறைய உள்ளுக்குள்ள இருக்கு."

"கீழ் தட்டுல சீட் இருக்குமா?"

4ஐ அழிச்சிட்டு 5 போட்டேன். தங்கமணி சமையக்கட்டுல இருந்து எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை.

டிஸ்கி: பையனை இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அம்மாவும் பிடிச்சுக்கிறதா பேசி முடிச்சாச்சு.