ஓலைக் கிலுகிலுப்பை



பேரனுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. கடையில் வாங்கிய பொம்மைகள் வீடு முழுக்கக் கிடக்க, அவனோ கரண்டியையும் டம்ளரையும்தான் தேடுகிறான். அம்மா எங்களுக்கு முடைந்து கொடுத்த பனையோலைக் கிலுகிலுப்பை நினைவுக்கு வந்தது. வரலாற்று வாத்தியார் அல்லவா, அதன் பழைய கதையும் கூடவே வந்துவிட்டது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஹரப்பா, மொகஞ்சதாரோவில் சுடுமண் கிலுகிலுப்பைகள் கிடைத்துள்ளன. உள்ளே சிறு மண் உருண்டைகள். வயது 4,000 ஆண்டுகளுக்கும் மேல். நம் பட்டினப்பாலையில், குதிரை இல்லாமல் பிள்ளைகள் உருட்டும் மூன்று கால் சிறுதேர் வருகிறது. நீங்கள் பிடித்து நடை பழகிய நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தானே! பிள்ளைத்தமிழோ சிறுபறை கொட்டுவதையும் சிறுதேர் உருட்டுவதையும் தனித்தனிப் பருவங்களாகவே பாடுகிறது.

1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் நம் அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையில் அவர் நடத்திய முதல் பயிற்சியில் முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார். கைக்குழந்தை தொட்டும் பிடித்தும் கேட்டுமே உலகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது என்று விளக்கும் அவருடைய புத்தகம் 1949இல் அடையாறிலேயே அச்சானது.

சேலையூரில் இருந்த என் அம்மா அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் முடைந்த கிலுகிலுப்பையில் ஓலையின் சொரசொரப்பு, வாசனை, ஓசை எல்லாம் இருந்தன. குன்றிமணி அழகுதான், உள்ளே போடமாட்டார். அது விஷம். கழுவிய கூழாங்கற்கள் மட்டும்தான்.

அம்மா ஓலை வெட்டிய ஏரிக்கரையில் இப்போது அடுக்குமாடி வீடுகள். வேளச்சேரி சாலையில் நுங்கு விற்பவரிடம் கேட்டு இரண்டு குருத்தோலை வாங்கி வந்தேன். பாதி வரை கை தானாக ஓடியது. வாயை மூடும் கடைசி மடிப்பு மட்டும் மறந்துபோயிற்று. எண்பதைத் தொட்ட அக்காவை வீடியோவில் அழைத்தேன். "இடது ஓலையை உள்ளே விடுடா" என்றாள். முடிந்தது! அவளும் இல்லையென்றால் யாரைக் கேட்டிருப்பேன்?

பேரன் ஆட்டினான், திகைத்தான், மறுபடி ஆட்டினான், பிறகு வாயில் வைத்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன். செய்பவர்கள் கவனியுங்கள்: கல் வெளியே வராதபடி இறுக்கி முடையுங்கள், விளிம்பு கிழிக்காமல் பாருங்கள், ஓலை பிரிந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள். குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் கடைசி மடிப்பைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் விரல்களில்தான் இன்னும் அது இருக்கிறது.