முல்லர்: உழைப்பு இட்ட பெயர்

குடும்பப்பெயரைக் கேட்டதும் குலத்தைத் தேடுவது நெடுங்காலப் பழக்கம். பெயர் பழையதாயின் இரத்தமும் பழையது, இரத்தம் பழையதாயின் மண்ணும் தமக்கே உரியது என வாதிடுவோர் பல நாடுகளிலும் உளர். இவ்வாதத்தின் வலுவை அறிய, ஜேர்மனியில் மிகப் பெருந்தொகையினர் தாங்கிநிற்கும் குடும்பப்பெயரை எடுத்து ஆராய்வோம். அப்பெயர் முல்லர். மாக்ஸ் முல்லரின் வாயிலாக நம்மவர்க்கும் அறிமுகமான பெயர் அது.

முல்லர் என்றால் மா அரைக்கும் ஆலையை நடத்துபவன். இலத்தீனில் ஆலைக்காரனைக் குறித்த ‘மொலினாரியுஸ்’ என்னும் சொல் பழைய ஜேர்மன் மொழியிற் புகுந்து, காலப்போக்கில் திரிந்து இவ்வடிவம் பெற்றது. தூய ஜேர்மன் பெயரெனக் கருதப்படுவதன் வேரே உரோமரிடம் பெற்ற கடனாகும். 12ஆம் நூற்றாண்டளவில் நகரங்கள் வளர்ந்து, வரியும் வாணிகமும் நிலவுரிமையும் ஏட்டில் ஏறத் தொடங்கின. ஒரே பெயர் கொண்ட பலரை வேறுபடுத்திக் காட்ட இலிகிதருக்கு அடைமொழி தேவைப்பட்டது. தொழில் அடைமொழியாயிற்று, அடைமொழி நாளடைவில் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிற்று. ஆற்றங்கரை ஊர்களிலெல்லாம் ஆலைகள் இருந்தன. ஆலைதோறும் ஒரு முல்லர் தோன்றினான். ஆதலின் முல்லர்கள் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் அல்லர். ஒருவரையொருவர் அறியாத எண்ணற்ற குடும்பங்களுக்குத் தொழில் இட்ட பொதுப்பெயர் அது.

அத்தொழிலுக்கு அன்று இருந்த மதிப்பு என்ன? ஆலை பெரும்பாலும் நிலப்பிரபுவின் ஆதிக்கத்தில் இருந்தது. உழவன் தான் விரும்பிய இடத்தில் தானியத்தை அரைக்க முடியாது. பிரபு குறித்த ஆலைக்கே சென்று, கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கையும் விட்டுவர வேண்டும். பிரஷ்யாவில் இக்கட்டாயம் 1810இலேயே நீக்கப்பட்டது. பிரபுவின் மீது எழுந்த வெறுப்பு ஆலைக்காரன் தலையில் விழுந்தது. அளவையில் ஏய்ப்பவன் என ஊர் அவனைத் தூற்றிற்று. அவன் பிள்ளைகளைச் சேர்க்கக் கைவினைஞர் சங்கங்கள் பலவும் மறுத்தன. ஆலைக்காரர், நெசவாளர், இடையர் முதலியோரின் பிள்ளைகளை அவ்வாறு விலக்கலாகாது என்று 1548இல் பேரரசின் சட்டமே விதிக்கவேண்டியிருந்தது. இன்று பெருமையுடன் வாயிற்பலகையிற் பொறிக்கப்படும் பெயர், ஒருகாலத்தில் இழிதொழிலின் முத்திரையாய் இருந்தது.

இப்பெயரைக் கடல் கடக்கச் செய்ததும் வறுமையே. ரைன் நதியை அடுத்த பலட்டினேட் பிரதேசம் 17ஆம் நூற்றாண்டுப் போர்களாற் பாழாயிற்று. 1709ஆம் ஆண்டின் கொடும்பனி திராட்சைக் கொடிகளையும் கருக்கியது. அவ்வாண்டில் ஏறத்தாழ 13,000 பேர் இலண்டனை வந்தடைந்தனர். பின்னர் வெளியேறியோர் பலருக்குப் பென்சில்வேனியா புகலிடமாயிற்று. கப்பற்கூலி கொடுக்க இயலாதோர் தமது எதிர்கால உழைப்பை விற்றனர். துறைமுகத்தில் நின்ற கப்பலிலே ஏறி எசமானர்கள் பேரம் பேசினர். 1727 முதல் அங்கு வந்திறங்கிய ஆண்கள் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டியிருந்தது. ஆங்கிலம் அறிந்தவர் எழுதிய பட்டியல்களில் முல்லர்கள் பலர் மில்லர்களாயினர். 1917இல் அமெரிக்கா ஜேர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியபோது, அச்சமும் அவ்வேலையைச் செய்தது.

வேறு சிலர் கிழக்கே சென்றனர். நிலமும் வரிவிலக்கும் படைச்சேவை விலக்கும் அளிப்பதாக 1763இல் ருசியப் பேரரசி இரண்டாம் கதரீன் அழைத்தாள். அதனை நம்பி வொல்கா நதிக்கரையிற் குடியேறியோர் வெற்று நிலத்தைக் கழனியாக்கினர். 1924இல் சோவியத் ஆட்சி அவர்களுக்குத் தன்னாட்சிக் குடியரசொன்றை வழங்கிற்று. ஆனால் 1941 ஓகஸ்ட் 28ஆந் திகதி ஆணையினால், பகைவருக்கு உடந்தையென்று குற்றஞ்சாட்டப்பட்டு, அம்மக்கள் அனைவரும் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டனர். அக்குற்றச்சாட்டு ஆதாரமற்றது என 1964இல் சோவியத் அரசே ஒப்புக்கொண்டது. முற்போக்காளராகிய நாம் இதனை மூடிமறைத்தல் தகாது. பிறப்பையும் பெயரையும் கொண்டு மனிதரைக் குற்றவாளியாக்குவது எந்த அரசின் செயலாயினும் அநீதியே. 1980களின் இறுதியிலிருந்து அவர்களின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக ஜேர்மனிக்குத் திரும்பினர். ருசியாவில் ‘ஜேர்மனியர்’ எனப்பட்டவர் ஜேர்மனியில் ‘ருசியர்’ எனப்பட்டனர்.

இனி மாக்ஸ் முல்லருக்கு வருவோம். 1823இல் டெசாவு நகரிற் பிறந்த அவருடைய தந்தை வில்லெம் முல்லர் ஒரு கவிஞர், பாட்டனாரோ தையற்காரர். ஆலைக்காரன் பெயரைத் தாங்கியவர் ஊசி பிடித்தார். அவர் மகன் பாட்டிசைத்தார். பேரன் ஒக்ஸ்போர்ட்டில் இருந்து இருக்குவேதத்தைப் பதிப்பித்தார். மூன்று தலைமுறையிலேயே பெயர் தொழிலை விட்டுப் பிரிந்துவிட்டது. ‘ஆரியர்’ என்னும் சொல்லைப் பரப்பியதிற் பெரும்பங்கு கொண்ட இவ்வறிஞரே, 1888இல், அச்சொல் மொழியைக் குறிப்பதன்றி இரத்தத்தையோ மண்டையோட்டையோ குறிப்பதன்று என வன்மையாக எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கை செவியேறவில்லை. 1933இல் ஆட்சியைக் கைப்பற்றிய நாசிகள், அரச ஊழியரிடம் ‘ஆரிய’ மூதாதையர்க்கான அத்தாட்சி கேட்டனர். முல்லர்களும் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் பாட்டன் பாட்டியரைத் தேடவேண்டியதாயிற்று. 1938இல் பிறந்த ஆணையொன்று, யூத ஆண்கள் ‘இஸ்ராயேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் மேலதிகப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டுமெனக் கட்டாயப்படுத்திற்று. பெயரே இரத்தத்தைக் காட்டுமாயின் இத்தகைய ஆணைக்கு அவசியம் என்ன? பெயரில் இனம் இல்லை என்பதை இனவெறியரின் சட்டமே மெய்ப்பித்தது.

1961இல் மேற்கு ஜேர்மனி துருக்கியுடன் செய்த உடன்படிக்கையின்படி தொழிலாளர் வந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெயர்கள் இன்று பள்ளிப் பதிவேடுகளில் முல்லரின் பெயரருகே உள்ளன. அவற்றை அந்நியப் பெயர்கள் என்போர், உழைப்பை விற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய முல்லரை நினைத்தல் வேண்டும். அவனும் பாண் தேடிச் சென்றவனே. அவன் பெயரையும் அன்று யாரோ ஒருவர் பிழையாகவே எழுதினார்.