மின்னற் சதுரங்கமும் தரவெண்ணின் வரலாறும்

சதுரங்கம் ஆடும் இளைஞர் பலருக்கு இன்று ஓர் ஐயம் உண்டு. இணையத்திலே மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ குறித்து ஆடும் மின்னல் ஆட்டத்தில், ஒவ்வொருவர் பெயருக்கு அருகிலும் ஓர் எண் நிற்கிறது. நமது எண் 1500 என்றால் எதிரே வருபவரின் எண்ணும் ஏறத்தாழ 1500 ஆகவே இருக்கும். கணனி அவ்வாறு பார்த்தே இருவரையும் சோடி சேர்க்கிறது. ஆயினும் ஒருவர் பதினைந்து நகர்த்தலுக்குள் நம்மை வீழ்த்திவிடுகிறார். அடுத்து வருபவரோ தமது அரசியைச் சும்மா பறிகொடுத்துவிட்டு நிற்கிறார். எண் ஒன்றாயிருக்க ஆற்றல் வேறுபடுவது ஏன்? கணக்கிலே பிழையா, அன்றி ஆடுவோரிடத்திலே வஞ்சகமா? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர், அவ்வெண் பிறந்து வளர்ந்த வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

காலத்தை அளந்த கதை

முற்காலத்திலே சதுரங்கத்துக்குக் கால எல்லை இருக்கவில்லை. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற அனைத்துலகப் போட்டியிலே மணிக்கூடு வைக்கப்படவில்லை. எதிராளி காயை நகர்த்தாது நெடுநேரம் வாளாவிருந்தார் என்று, அக்காலத்துப் பெரும் ஆட்டக்காரரான ஸ்ரோண்டன் குறைப்பட்டுக்கொண்டார். 1861இல் அண்டர்சனும் கோலிஷும் பொருதபோது மணற்கடிகை வந்தது. 1883இல் இலண்டனில் நடந்த மற்றொரு போட்டியிலே, ஒன்று ஓடும்போது மற்றொன்று நிற்கும் இரட்டை மணிக்கூடு பயன்பட்டது. அன்று தொட்டு நேரமும் ஆட்டக்காரரின் கையிருப்புப் பொருள் ஆயிற்று. ஐந்து நிமிட ஆட்டமும் பின்னர் கழகங்களிலே பரவிற்று. அதனை யேர்மனிய மொழியில் மின்னல் எனப் பொருள்படும் ‘பிளிற்ஸ்’ என்னும் சொல்லால் அழைத்தனர்.

நேரம் குறுகும்போது ஆற்றலின் வரிசையும் மாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1970ஆம் ஆண்டு ஏப்ரிலில், அந்நாளைய யூகோசிலாவியாவின் ஹெர்செக் நோவி என்னும் ஊரிலே பன்னிரு வல்லுநர் கூடி மின்னல் ஆட்டம் ஆடினர். தாலோ பெற்றோசியனோ வெல்வர் என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. வென்றவரோ அமெரிக்கரான பொபி பிஷர். 22 ஆட்டங்களில் 19 புள்ளி பெற்றார். தாலுக்கு 14½ புள்ளி கிடைத்தது. அவ்வரங்கிலே தால், பெற்றோசியன், சிமிஸ்லோவ் ஆகிய மூவரும் உலக முடி சூடியவர்கள். அவர்களுள் சிமிஸ்லோவ் அரைவாசிப் புள்ளியும் பெற்றாரல்லர். சூடிய முடி ஒன்றாயினும், மணிக்கூடு ஐந்து நிமிடமாகக் குறுகியபோது அவர்தம் நிலை வேறாயிற்று.

எண் பிறந்த கதை

ஆட்டக்காரரை எண்ணால் வரிசைப்படுத்தும் முயற்சி இரண்டாம் உலகப் போரின் பின்னரே வேரூன்றியது. 1948இல் யேர்மனியில் ‘இங்கோ’ முறையும், 1950இல் அமெரிக்காவில் ஹார்க்னெஸ் என்பாரது முறையும் வந்தன. பின்னதன் குறைகளை நீக்கும் பொறுப்பு ஆர்பாட் ஈலோ என்னும் பேராசிரியரிடம் வந்தது. இவர் 1903இல் ஹங்கேரியிலே பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா சென்று, மில்வோக்கி நகரத்து மார்க்கெற் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் கற்பித்தவர். தாமும் விஸ்கொன்சின் மாநிலத்தில் எட்டு முறை முதலிடம் பெற்ற ஆட்டக்காரர். இவரது முறையை அமெரிக்கச் சம்மேளனம் 1960இலும் உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இலும் ஏற்றன.

ஈலோ கண்ட உண்மை எளிது, ஆனால் ஆழமானது. ஒரு மனிதன் எல்லா நாளும் ஒரே வலிமையோடு ஆடுவதில்லை. ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். அந்த ஏற்ற இறக்கங்களின் நடுப்புள்ளியே தரவெண். அதனைச் சுற்றிய அலைவின் நியம விலகல் 200 புள்ளி என அவர் கொண்டார். ஆகவே 1500 என்னும் எண்ணை உடையவர், மூன்று ஆட்டங்களில் ஏறத்தாழ இரண்டிலே 1300க்கும் 1700க்கும் இடைப்பட்ட வலிமையைக் காட்டுவார்; மற்றொன்றிலே அவ்வெல்லைக்கும் அப்பாற் செல்வார்.

இருவர் ஒரே எண்ணோடு எதிரெதிரே அமர்ந்தால் யாது நிகழும்? இருவரது அலைவும் சேர்கிறது. இக்கணக்கின்படி, ஏறக்குறைய அரைவாசி ஆட்டங்களில் அவ்விருவரும் அப்பொழுது காட்டும் வலிமை 200 புள்ளிக்கு மேல் வேறுபட்டிருக்கும். 200 புள்ளி வேறுபாடென்பது சிறிதன்று. நிலையாக அவ்வளவு உயர்ந்து நிற்பவர் 100 ஆட்டங்களில் 76 புள்ளி பெறுவார் என்பது ஈலோவின் அட்டவணை. எனவே எண் ஒன்றாயிருக்க ஆற்றல் வேறாகத் தோன்றுவது கணக்கின் பிழையன்று. அக்கணக்கு தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்ட உண்மை. தரவெண்ணை அளத்தல், நீரிலே மிதந்து ஆடும் தக்கையின் இடத்தை, காற்றில் அசையும் கயிற்றிற் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்றது என ஈலோவே 1962இல் ஒப்பிட்டுக் கூறினார்.

நூறு புள்ளியின் கதை

இன்னும் ஒன்று. ஈலோவின் முறை இரு எண்களின் வேறுபாட்டை மட்டுமே நோக்கும். ஒரு கூட்டத்தார் அனைவருக்கும் நூறு நூறு புள்ளி கூட்டினாலும் அவர்களுக்குள் எதிர்பார்ப்பு மாறாது. ஆகவே தம்முள் மட்டும் ஆடும் ஒரு கூட்டத்தின் எண்ணை வேறொரு கூட்டத்தின் எண்ணோடு ஒப்பிடுதல், இரு ஊர்களின் வெவ்வேறு படிக்கற்களால் நெல் நிறுப்பதை ஒக்கும்.

இதனாலே ஓர் இளம்பெண் முதலிடத்தை இழந்தாள். பெண்கள் பெரும்பாலும் தம்முள்ளேயே ஆடுவதால் அவர்தம் எண்கள் ஆண்களின் எண்களோடு ஒப்பிடுகையில் தாழ்ந்து நிற்கின்றன என்று கருதிய உலகச் சம்மேளனம், 1986 நவம்பரில், பெண்கள் யாவருக்கும் 100 புள்ளி கூட்டத் தீர்மானித்தது. ஒருவருக்கு மட்டும் கூட்டவில்லை. அவர் ஹங்கேரியின் சூசன் போல்கார். அப்பொழுது வயது 17. அவர் ஆண்களோடு ஆடியே தம் எண்ணை ஈட்டியவர் என்பது காரணம். 1987 சனவரிப் பட்டியலிலே பெண்களுள் முதலிடம் அவரை விட்டு மாயா சிபுர்டானிட்சேயிடம் சென்றது. அதற்காக அவ்விருவரும் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. படிக்கல்லைத் திருத்தியது நீதியா அநீதியா என்று இன்றும் வாதிடுவர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலச் சிறையிலே இருந்த குளோட் பிளட்கூட் என்பவர், பெரும்பாலும் உடனிருந்த கைதிகளோடே ஆடி, 1996இல் 2702 என்னும் எண்ணை அடைந்தார். அமெரிக்கப் பட்டியலிலே அஃது இரண்டாம் இடம்! கூட்டம் அடைபட்டிருந்தால் எண் எவ்வளவும் உயரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இணையத்திலே நிகழ்வது

1992 சனவரியில் இணையச் சதுரங்க அரங்கு முதன்முதல் இயங்கத் தொடங்கிற்று. அக்காலத்தில் இணைப்பின் தாமதம் ஆட்டக்காரரின் நிமிடங்களை விழுங்கியது. அதனை ஈடுசெய்யத் தனி நிரல்களையும் ஆக்கினர். 1995இல் மார்க் கிளிக்மன் என்னும் புள்ளிவிபரவியலாளர், எண்ணோடு அதன் நிச்சயமின்மையையும் கூறும் முறையொன்றை வகுத்தார். அம்முறைப்படி 1500 என்னும் எண்ணின் விலகல் 50 ஆயின், அவரது மெய்யான வலிமை 1400க்கும் 1600க்கும் இடையில் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். புதிதாய் வந்தவருக்கு இவ்விலகல் 350 எனத் தொடங்கும். அவரது 1500 வெறும் ஊகமேயன்றி அளவு அன்று. 2007இல் தோன்றிய செஸ்.கொம், 2010இல் தோன்றிய லீசெஸ் ஆகிய அரங்குகள் இம்முறையின் வழிவந்தவற்றையே கையாளுகின்றன. ஆயின் இரண்டும் வெவ்வேறு கூட்டங்கள். ஒன்றின் 1500 மற்றதன் 1500 ஆகாது.

மூன்று நிமிட ஆட்டமும், ஐந்து நிமிட ஆட்டமும், நகர்த்தலுக்கு இரண்டு வினாடி கூட்டித் தரும் ஆட்டமும் அங்கே ‘பிளிற்ஸ்’ என்னும் ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. கைவேகத்தால் வென்றவரும், இறுதி ஆட்டத்தின் நுட்பத்தால் வென்றவரும் அவ்வெண்ணிலே சமமாகின்றனர். சரிசமமான எதிராளியோடு, வெற்றி தோல்வி அன்றிச் சமநிலை இல்லை என வைத்துக்கொண்டால், தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்பதற்கு 32இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஆட்டத்துக்கு எட்டுப் புள்ளி போயிற்றென்றால் 40 புள்ளி தற்செயலாலேயே இறங்கிவிடும். அவர் இறங்கும் வேளையில் வேறொருவர் ஏறிவருவார். இருவரும் வழியிலே சந்திப்பர். எண் ஒன்று, போகும் திசை இரண்டு.

ஆற்றலின் இயல்பு

ஒல்லாந்து நாட்டு உளவியலாளர் டி குரூட் 1946இல் வெளியிட்ட ஆய்வு, வல்லுநர் பிறரைக் காட்டிலும் மிகத் தொலைவு எண்ணிப் பார்ப்பவரல்லர், நிலையைக் கண்டவுடன் அதன் சாரத்தை உணர்பவர் என்று காட்டிற்று. 1973இல் சேஸ், சைமன் ஆகிய இருவர், காய்களை முறையின்றி வைத்தபோது வல்லுநரின் நினைவாற்றல் மற்றையோரினும் மிகுதியாக விளங்கவில்லை எனக் கண்டனர். ஆகவே ஆற்றலென்பது பெரும்பாலும் பழகிய அமைப்புக்களின் களஞ்சியம். மின்னல் ஆட்டத்திலே எண்ணிப் பார்க்க நேரமில்லாமையால் அக்களஞ்சியமே துணை. ஒரே எண்ணுடைய இருவரது களஞ்சியங்களும் ஒன்றாயிருத்தல் அரிது. தமக்குப் பழகிய நிலை வந்தால் ஒருவர் புலியாவார், வராவிடின் பூனையாவார்.

சென்னையிலிருந்த தால் சதுரங்கக் கழகத்திலே சிறுவன் விசுவநாதன் ஆனந்த் மின்னல் ஆட்டம் பயின்றான். அங்கே தோற்றவர் எழுந்து இடம்விட வேண்டும். வென்றவர் அமர்ந்து அடுத்தவரோடு ஆடலாம். பலவகை ஆட்டக்காரரோடு மாறி மாறி ஆடும் வாய்ப்பு அச்சிறுவனுக்குக் கிடைத்தது. 2000ஆம் ஆண்டிலே அவர் உலக வீரரானார்.

இளைஞர்காள்! தரவெண் பயனற்றதென்று யாம் கூறவில்லை. நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் முடிவைச் சுருக்கிச் சொல்ல அதனினும் நல்ல கருவி கிடைத்திலது. ஆனால் அது சென்ற ஆட்டங்களின் கணக்கு; வரும் ஆட்டத்தின் தீர்ப்பன்று. எதிராளியின் எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டா, இகழவும் வேண்டா. ஓரிரவிலே நாற்பது புள்ளி இறங்கியமைக்காக உறக்கம் கெடவும் வேண்டா. பலகையிலே நிற்கும் காய்களை நோக்குங்கள். தோற்ற ஆட்டத்தை மறுநாள் எடுத்து ஆராயுங்கள். நிறைகோலைப் பார்த்துக்கொண்டிருந்து எவரும் நெல் விளைத்ததில்லை.